செகண்ட் ஹேண்டில் ஒரு சமுத்திரம்

முப்பது, நாற்பது வயதான பாய்மரப் படகு. விலை ஒரு நல்ல காரின் விலை. போக நினைப்பதோ உலகத்தைச் சுற்றி. இந்தக் கணக்கு எங்கே நேராகிறது, எங்கே இடிக்கிறது?

2022 நவம்பர் 18, காலை. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்துக்குத் தென்கிழக்கே சுமார் 450 கடல் மைல் தள்ளி, ‘ஆஸ்டீரியா’ என்ற பாய்மரப் படகு கிழக்கே போய்க்கொண்டிருந்தது. தனியாளாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் அது; படகில் இருந்தது ஒரே ஆள். ஃபின்லாந்துக்காரர், பெயர் டாபியோ லேடினென். திடீரென்று பின்பக்கம் ‘டொம்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மடை திறந்த மாதிரி தண்ணீர். குளிர்காப்பு உடைக்குள் கையையும் காலையும் நுழைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பின்தளம் கடல்மட்டத்துக்கு இறங்கிவிட்டது. மிதவையை விரித்து ஏறிக்கொண்டார். கண்ணெதிரே படகு அமிழ்ந்தது. முதல் சத்தத்திலிருந்து கடைசிக் குமிழி வரை அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

செய்தி கேட்டு, சுமார் நூறு மைல் தள்ளியிருந்த இன்னொரு படகு திரும்பியது. ‘மின்னஹாஹா’. அதிலும் ஒரே ஆள்தான்: தென்னாப்பிரிக்கப் பெண் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். இரவெல்லாம் சுக்கானைப் பிடித்தபடி வந்து, மறுநாள் காலையில் கயிற்றை வீசி மிதவையை இழுத்து, மனிதரைத் தன் படகில் ஏற்றிக்கொண்டார். ஆளுக்கு ஒரு மடக்கு ரம். பிறகு அந்தப் பக்கம் வந்த ‘தர்யா காயத்ரி’ என்ற சரக்குக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டு, தன் வழியே பந்தயத்தைத் தொடர்ந்தார். 2023 ஏப்ரல் 27 அன்று பிரான்சின் லே சாப்ல தொலோன் துறைமுகத்தில் முதல் ஆளாகக் கரை சேர்ந்தார். தனியாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றை ஒரு பெண் வென்றது அதுவே முதல் முறை.

இரண்டும் பழைய படகுகள். ஆஸ்டீரியா 1965-இல் இத்தாலியில் கட்டியது. மின்னஹாஹா 1988-இல் கட்டியது. இரண்டையும் உடைமைக்காரர்கள் பிரித்து மேய்ந்து, பணத்தைக் கொட்டிப் புதுப்பித்திருந்தார்கள். ஒன்று மூழ்கியது, ஒன்று ஜெயித்தது. ஆஸ்டீரியாவுக்கு என்ன ஆயிற்று என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சாட்சி சொல்ல வேண்டிய படகு கடலடியில் கிடக்கிறது.

பெருங்கடல் தாண்டத் தோதான பழைய படகு வாங்குவது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கரையில் நின்றபடியே கண்டுபிடிக்கிற வேலை.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

2025 மே 29 அன்று ‘தாரிணி’ கோவா திரும்பியபோது நம் ஊரிலும் இந்தப் பேச்சு சூடு பிடித்தது. கடற்படை அதிகாரிகள் தில்னா, ரூபா இருவர் மட்டும் எட்டு மாதத்தில் உலகைச் சுற்றி வந்தார்கள். ரூபா நம் புதுச்சேரிப் பெண். அந்த 56 அடிப் படகும் முதல் தடவை சுற்றிய படகு அல்ல. 2017-18-இல் ஆறு பெண் அதிகாரிகள் அதே தாரிணியில்தான் 254 நாள் பயணத்தை முடித்தார்கள். அதற்கும் முன்னால், 1985-87-இல் நம் ராணுவப் பொறியாளர் படையினர் உலகைச் சுற்றிய ‘திரிஷ்ணா’வோ பிரிட்டனில் பழையதாக வாங்கிய 37 அடிப் படகு.

வெளிநாட்டில் இந்தச் சந்தையைப் பெரிதாக்கியது வீடியோ. ஆஸ்திரேலிய ஜோடி ஒன்று இத்தாலியில் பழைய பெனட்டோ படகு வாங்கி, படகோட்டக் கற்றுக்கொண்டே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் தாண்டியதை ‘சைலிங் லா வகபோண்ட்’ என்ற யூடியூப் சேனலில் வாராவாரம் காட்டியது. பார்த்தவர்களில் பலர் அவரவர் ஊர் படகுத்துறைக்குப் போய் விலை கேட்க ஆரம்பித்தார்கள். கோவிட் முடிந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனது. நடுக்கடலிலும் செயற்கைக்கோள் இணையம் வந்தது. ஓய்வு பெற்றவர்கள் மட்டுமே நின்ற வரிசையில் லேப்டாப்போடு முப்பது வயதுக்காரர்களும் வந்து நிற்கிறார்கள்.

புதுசு இருக்கப் பழசு எதற்கு?

முதல் காரணம் காசு. நாற்பது அடியில் ஒரு தரமான புதுப் படகு ஐரோப்பாவில் நல்ல வீட்டின் விலையைத் தாண்டும். அதே நீளத்தில் 1980களின் படகு அதில் சிறு பங்குக்குக் கிடைக்கும்.

இரண்டாவது காரணம் சுவாரசியமானது. கண்ணாடியிழைப் படகு கட்டும் தொழில் பரவத் தொடங்கிய காலத்தில், அந்தப் பொருள் எவ்வளவு தாங்கும் என்று கட்டியவர்களுக்கே நிச்சயம் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அடுக்கின் மேல் அடுக்காகத் தடிமனாகப் பூசினார்கள். அமெரிக்காவின் வெஸ்ட்செயில் 32 அப்படி ஒரு படகு. 32 அடி நீளத்துக்கு ஒன்பது டன் எடை. எண்ணூறுக்கும் மேல் கட்டினார்கள். காற்று குறைந்தால் எருமை மாதிரி நகரும். ஆனால் அடிவாங்கத் தெரிந்த எருமை.

கரையோரம் உல்லாசம் போகிற படகுக்கும் கடல் தாண்டுகிற படகுக்கும் என்ன வேறுபாடு? விற்பனைத் தரகர்கள் எல்லாவற்றுக்கும் ‘புளூவாட்டர்’ என்று பட்டம் கட்டிவிடுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். படகின் அடியில் நீளமான ஏரா (கீல்), அதன் பின்விளிம்பிலேயே ஒட்டிய சுக்கான். அலை ஏறினால் சீக்கிரம் வடிந்துவிடும்படி சிறிய ஓட்டுநர் குழி. உள்ளே எங்கே நின்றாலும் கைக்கெட்டும் பிடி. படகு ஒரு பக்கம் சாய்ந்தே பல நாள் ஓடும்போது உருண்டு விழாமல் தூங்க ஒடுக்கமான படுக்கை. விளம்பரப் படத்தில் அகலக் கட்டில்தான் அழகாகத் தெரியும். நடுக்கடலில் அதில் படுத்தவர் இரவு முழுக்க உருண்டுகொண்டே இருப்பார்.

ஆனால் இதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆஸ்திரேலிய ஜோடியின் பெனட்டோவை எந்த மூத்த மாலுமியும் ‘புளூவாட்டர்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார். அது இரண்டு பெருங்கடலைத் தாண்டியது.

■ பெட்டி: 553 டாலர், 62 சென்ட்

தனியாளாகப் பாய்மரத்தில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் ஜோஷுவா ஸ்லோக்கம். அவர் படகும் பழையதுதான், சொல்லப்போனால் ஓசி. 1892-இல் மசாசுசெட்ஸின் ஃபேர்ஹேவன் ஊரில், வயலில் தார்ப்பாய் மூடிக் கிடந்த ‘ஸ்ப்ரே’ என்ற சிப்பி அள்ளும் படகை ஒரு கப்பல் தலைவர் அவருக்குத் தூக்கிக் கொடுத்தார். பதின்மூன்று மாதம் உட்கார்ந்து, ஏறக்குறைய ஒவ்வொரு பலகையையும் மாற்றினார் ஸ்லோக்கம். பொருட்செலவு 553 டாலர் 62 சென்ட். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பி, 46,000 மைல் ஓடி, 1898 ஜூனில் நியூபோர்ட் வந்தார். பிற்பாடு அதே ஸ்ப்ரேயில் தெற்கே கிளம்பியவர் திரும்பவே இல்லை.

தேங்காய் தட்டுகிறவர்

படகு வாங்குவதில் நடுநாயகமான காட்சி இதுதான். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். சர்வேயர் வருகிறார். கையில் பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். அணியத்திலிருந்து ஆரம்பித்து, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போகிறார். டக், டக், டக். நம் ஊரில் பானை வாங்குகிறவர் சுண்டிப் பார்ப்பது போல, தேங்காய்க்காரர் காதோரம் வைத்துத் தட்டுவது போல, அதே வித்தை. நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே அடுக்கு பிரிந்த இடம் ‘பொத்’ என்று சொல்லும். சொன்ன இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம். மேல்தளத்தில் வட்டங்கள் கூடக் கூட விற்கிறவர் முகம் வாடும்.

மேல்தளம் ஏன் முக்கியம்? பழைய படகுகள் பலவற்றில் தளம் இரண்டு கண்ணாடியிழைத் தகடுகள். நடுவில் பால்சா மரத்துண்டுகள். எடை குறைய அப்படிச் செய்தார்கள். ஒரு திருகு தளர்ந்து நீர் இறங்கினால் போதும், மேலே பளபளவென்று இருக்க, உள்ளே மரம் ஊறி அவலாகிவிடும். அதற்கு மேல் அழகுக்குத் தேக்குப் பலகை அடித்த படகுகள் இன்னும் மோசம். ஒவ்வொரு பலகைக்கும் வரிசையாகத் திருகு, ஒவ்வொரு திருகும் தண்ணீருக்கு ஒரு வாசல். எண்பதுகளில் தைவானில் கட்டிய அழகழகான படகுகளை வாங்கியவர்கள் இந்தப் பாடத்தைப் பணம் கட்டிப் படித்தவர்கள்.

எஞ்சினைத் தொடங்கச் சொல்வதற்கு முன்னால் சர்வேயர் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால், தான் வருவதற்கு முன்பே யாரோ ஓட்டிவைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது வரும் புகையை மறைக்க விற்கிறவர் செய்கிற பழைய தந்திரம் அது. பழைய கார் வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்ளலாம்.

பிறகு காகிதம். நிலம் வாங்கினால் வில்லங்கம் பார்ப்போம் இல்லையா, படகுக்கும் அது உண்டு. முந்தைய உடைமைக்காரர் மாலுமிக்குச் சம்பள பாக்கி வைத்திருந்தாலோ, பட்டறைக்குப் பணம் தராமல் இருந்தாலோ, கடல் சட்டத்தில் அந்தக் கடன் ஆளைத் தேடிப் போகாமல் படகையே பிடித்துக்கொள்ளும் வழக்குகள் உண்டு. ஐரோப்பியத் துறைமுகங்களில் ‘வாட்’ வரி கட்டிய ரசீது இல்லாத படகு தனித் தலைவலி. பிரெக்சிட்டுக்குப் பிறகு பிரிட்டிஷ் படகுகளுக்கு அந்த ரசீது தங்கத்துக்குச் சமம்.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

படகுக்கு வயதாவது மேனியில் தெரியாது. மூட்டில் தெரியும்.

பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிப்பவை உலோக வடங்கள். அவை படகின் உடலோடு சேரும் இடத்தில் எஃகுத் தகடுகள் உண்டு, செயின்பிளேட் என்பார்கள். எவர்சில்வர் ஜாதிதான். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காற்று வேண்டும். காற்றுப் பட்டால்தான் மேலே அந்த மெல்லிய காப்புப் படலம் உருவாகும். தகடு தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் அரை அங்குல இடத்தில் உப்புத் தண்ணீர் இருக்கும், காற்று இருக்காது. அங்கேதான் அரிப்பு தொடங்கும். மேலே கண்ணாடி மாதிரி மின்னும், கீழேயும் மின்னும், நடுவில், கண்ணுக்குப் படாத அந்த இடத்தில், பாதி தின்றிருக்கும். கழற்றிப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. கழற்ற வேண்டுமானால் உள்ளே உள்ள மர அலமாரிகளைப் பெயர்க்க வேண்டும். விற்கிறவர் அதற்கு ஒப்ப மாட்டார். ஆகவே பெரும்பாலானோர் நம்பிக்கையின் பேரில் வாங்குகிறார்கள்.

கீலும் அப்படியே. படகு கவிழாமல் காப்பது அடியில் தொங்கும் அந்தக் கனம். பழைய நீள்-ஏராப் படகுகளில் அது உடலோடு வார்த்தது. பிற்காலப் படகுகளில் போல்ட் போட்டு முடுக்கியது. 2014 மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து பிரிட்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ‘சீக்கி ராஃபிகி’ என்ற 40 அடி வாடகைப் படகின் கீல் நடு அட்லாண்டிக்கில் கழன்று விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதற்கு முன் அந்தப் படகு பலமுறை தரைதட்டிப் பழுது பார்க்கப்பட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் படகு வாங்குகிறவர்கள், “எத்தனை மைல் ஓடியிருக்கிறது?” என்ற கேள்விக்கு முன்னால், “எத்தனை தடவை தரைதட்டியிருக்கிறது?” என்று கேட்கப் பழகினார்கள். உண்மையான பதில் வருவது அபூர்வம்.

யானை வாங்கியாச்சு, கவளம்?

படகின் விலையில் பத்தில் ஒரு பங்கை வருடா வருடம் பராமரிப்புக்கு எடுத்துவை என்பது படகுத்துறைகளில் சொல்லும் கணக்கு. பழைய படகு வாங்குகிறவர்கள் இடறி விழுவது இந்த இடத்தில்தான். ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கினோம், வருடம் ஐயாயிரம் போதும் என்று நினைப்பார்கள். நீங்கள் சல்லிசாக வாங்கியது பாய்க்குத் தெரியாது. வடத்துக்கும் பாட்டரிக்கும் எஞ்சினுக்கும் தெரியாது. அவை எல்லாம் புதுப் படகின் விலைக்கே வரும். பத்தில் ஒரு பங்கு என்றால், அதே படகு இன்று புதிதாக என்ன விலையோ அதில் பத்தில் ஒரு பங்கு.

கிர்ஸ்டன் மின்னஹாஹாவைக் கண்டுபிடித்தது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில். பந்தயத்துக்கு நேரே ஓட்டிப் போகவில்லை. பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு வருடத்துக்கும் மேல் நிறுத்தி, உள்ளூர்த் தச்சர்களோடு தானும் இறங்கி வேலை பார்த்தார். பிறகு அட்லாண்டிக்கை மேலும் கீழுமாகக் கடந்து சோதித்தார். பந்தயம் தொடங்கும் கோட்டுக்கு வரும்போது அந்தப் படகின் ஒவ்வொரு போல்ட்டும் அவர் கை பட்டது. அதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்த நம் அபிலாஷ் டோமி வாங்கியதும் ஒரு பழைய ரஸ்ட்லர் 36. தானியங்கிச் சுக்கான் உடைந்தபோது அவர் கை வைத்தது கழிப்பறைக் கதவில். அறுத்துத் துடுப்புத் தகடாக்கி மாட்டினார். 2018-இல் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு நொறுங்கி, பிரெஞ்சு ரோந்துக் கப்பல் ‘ஒசிரிஸ்’ வந்து தூக்கிய மனிதர் அவர். கதவு போனது ஒரு நஷ்டமாக அவருக்குத் தோன்றியிருக்காது. பதினாறு பேர் கிளம்பிய அந்த 2022 பந்தயத்தை முழுசாக முடித்தவர்கள் மூன்றே பேர்.

நம் நாட்டுக்குப் படகைக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். கொச்சியின் போல்காட்டி படகுத்துறையைப் போல நீண்டதூரப் படகுகள் கட்டிவைக்க ஏற்ற இடம் நமக்கு விரல்விட்டு எண்ணக் கூடியதே.

படகா, ஆளா?

1991 அக்டோபர் கடைசி. ‘பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்’ என்று பின்னர் பெயர் பெற்ற புயல். அமெரிக்கக் கரைக்கு அப்பால் ‘சட்டோரி’ என்ற வெஸ்ட்செயில் 32 மாட்டிக்கொண்டது. உடன் வந்த இரண்டு பெண்களுக்கும் பிழைப்போம் என்ற நம்பிக்கை போய்விட்டது, உதவி கேட்டார்கள். படகுக்காரர் அதை விட்டு இறங்க மறுத்தார். கடலோரக் காவல்படை மூவரையும் ஹெலிகாப்டரில் எடுத்தது. ஆளில்லாப் படகு? அது தன்பாட்டுக்கு மிதந்துபோய், சில நாள் கழித்து அசடீக் தீவு மணலில் பெரிய சேதமில்லாமல் ஒதுங்கியது. இந்தக் கதை படகுக்காரர் சரி என்று காட்டுகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே இருந்தவர்கள் உருண்டு மண்டை உடைந்திருந்தால் படகு மிதந்து என்ன பயன்?

ஆனாலும் 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தின் கணக்கு யோசிக்க வைக்கிறது. 303 படகுகள் கிளம்பின. புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள். அந்த 24-இல் மூழ்கியவை ஐந்து. மீதி 19 மிதந்துகொண்டிருக்கக் கண்டெடுத்தார்கள். படகை விட்டு மிதவைக்குத் தாவியவர்களில் சிலர் பிழைக்கவில்லை. மிதவைக்குள் மேலே ஏறித்தான் போக வேண்டும், கீழே இறங்கிப் போகக் கூடாது என்று அதற்குப் பிறகு மாலுமிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதாவது படகு காலடியில் அமிழ்கிறவரை அதை விடாதே. லேடினென் செய்தது அதுதான்.

முதல் கோல்டன் குளோப் பந்தயத்துக்கு, 1968-இல், ஒன்பது பேர் கிளம்பினார்கள். அதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்குப் புதுப் படகு கட்ட ஆசை, பணம் புரளவில்லை. முன்பு பம்பாயில் இருந்தபோது தேக்கில் கட்டிக்கொண்ட 32 அடி ‘சுஹைலி’யிலேயே கிளம்பினார். அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கும்போதே ஏராவோரம் தையல் விட்டு ஒழுக ஆரம்பித்தது. மனிதர் கடலில் குதித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இடுக்கில் பஞ்சு திணித்தார். மேலே வந்தார், மீண்டும் இறங்கினார். அதன் மேல் செப்புத் தகடு அடிக்கும் நேரத்தில் சுறா ஒன்று வட்டமிட்டது. ஏறி வந்து துப்பாக்கியால் சுட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்து, வேறு சுறா வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மறுபடி குதித்து ஆணி அடித்தார். 312 நாள் கழித்து ஒன்பது பேரில் அவர் ஒருவர் மட்டுமே பந்தயத்தை முடித்து ஊர் வந்து சேர்ந்தார்.

அதே பந்தயத்துக்கு அவசர அவசரமாகப் புதுப் படகு கட்டிக்கொண்டு போனவர் டொனால்டு க்ரோஹர்ஸ்ட். வீட்டையும் தொழிலையும் அடமானம் வைத்தவர். 1969 ஜூலையில் அவருடைய ‘டீன்மத் எலெக்ட்ரான்’ அட்லாண்டிக் நடுவில் ஆளில்லாமல் அகப்பட்டது. அந்தப் படகு பிற்பாடு செகண்ட் ஹேண்டில் கை மாறி, கேமன் பிராக் தீவுக் கரையில் மக்கிப்போனது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்தார்.

■ பெட்டி: வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு பழைய கப்பல்

இந்தக் கதையில் தமிழனுக்கும் ஒரு பங்கு உண்டு. 32 அடி ‘ஸ்வாப்’ படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், 1930களில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் ஒரு கப்பலைப் பார்த்து மயங்கினார். உள்ளூர் மேஸ்திரிமார் கட்டிய 89 அடி ‘அன்னபூரணி’. விலை பேசி வாங்கி, தன் மனைவி பெயரில் ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மாற்றினார். 1937-இல் வல்வெட்டித்துறை மாலுமிகளோடு கிளம்பிய கப்பல், ஏடன், சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1 அன்று மசாசுசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. வல்வெட்டித்துறைக்காரர்களைக் கேட்டால் இன்றும் ‘அன்னபூரணி’ என்றுதான் சொல்வார்கள். புதுப் பெயர் அவர்கள் வாயில் வராது.

காப்பீடு என்ற கதவு

படகு வலுவாக இருக்கிறது, ஆளும் தயார். இனி என்ன தடை? காப்பீட்டுக் கம்பெனி.

பாய்மர வடங்கள் பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டினால் மாற்று என்பார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை புது சர்வே கேட்பார்கள். தனியாகப் போகிறேன் என்றால் முகம் சுளிப்பார்கள். அனுபவம் இல்லாதவர் அட்லாண்டிக் தாண்டப் போகிறேன் என்றால் போனை வைத்துவிடுகிறவர்களும் உண்டு. காப்பீடு இல்லாவிட்டால் போகட்டும் என்று இருக்க முடியாது. நல்ல படகுத்துறைகள் பலவற்றில் அந்தத் தாள் இல்லாமல் கயிறு கட்ட விட மாட்டார்கள்.

கரீபியனில் வைத்திருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளி வட்டத்துக்கு வெளியே போய்விடு என்பது நிபந்தனை. 2004-இல் ஐவன் சூறாவளி வந்து கிரெனடாவை உழும்வரை, அந்தத் தீவு வட்டத்துக்கு வெளியே இருப்பதாகத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி, கரியாகூ தீவின் அலையாத்திக் காட்டுக்குள் புகலிடம் தேடிக் கட்டியிருந்த படகுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டது.

ஸ்பெயின், போர்ச்சுகல் கரையில் வேறு கதை. 2020 முதல் அங்குள்ள ஓர்க்காத் திமிங்கலக் கூட்டம் ஒன்று பாய்மரப் படகுகளின் சுக்கானைக் குறிவைத்து மோதுகிறது. ஏன் என்று அறிஞர்களுக்கே உடன்பாடில்லை. விளையாட்டாக இருக்கலாம் என்பவர்கள் அதிகம். விளையாட்டோ வினையோ, சில படகுகள் மூழ்கிவிட்டன. ஏராவோடு ஒட்டிய பழைய பாணிச் சுக்கான் தொங்கும் சுக்கானைவிடப் பரவாயில்லை என்று பேச்சு கிளம்பியதும், தாத்தா காலத்து வடிவங்களுக்குத் திடீரென்று மவுசு.

கிழக்கிலிருந்து மேற்கே போகிறவர்களுக்குச் செங்கடல். முன்பு சோமாலியக் கொள்ளையர் பயம்; 2011-இல் ‘குவெஸ்ட்’ என்ற படகில் இருந்த நான்கு அமெரிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். அது ஓய்ந்து, கொச்சியையும் இலங்கையின் காலியையும் தொட்டுக்கொண்டு சூயஸ் போகலாம் என்ற நிலை மெல்லத் திரும்பியது. 2023 நவம்பரில் யேமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் அந்தக் கதவும் அடைபட்டது. மிச்சம் இருப்பது மொரீஷியஸ், ரீயூனியன், டர்பன் வழியே நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் நீண்ட வழி. இல்லையென்றால் படகைச் சரக்குக் கப்பல் தளத்தில் ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கட்டணம் சில பழைய படகுகளின் விலையைத் தொட்டுவிடும்.

கனவு முடிகிற துறைமுகங்கள்

நல்ல விலைக்குப் படகு வேண்டுமா? கனவு எங்கே முடிகிறதோ அங்கே போய் நில்லுங்கள் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். பனாமா, தஹிதி, நியூசிலாந்து, லங்காவி. ஒரு பெருங்கடலைத் தாண்டியவர்களுக்கு அடுத்ததைத் தாண்டத் தெம்பில்லை. பணம் தீர்ந்திருக்கும், அல்லது கூட வந்தவர் விமானம் ஏறியிருப்பார். அலமாரியில் அடுத்த கடலுக்கான வரைபடங்கள், டப்பா உணவு, உதிரி பாகங்கள் எல்லாம் அப்படியே இருக்க, படகு விற்பனைக்கு நிற்கும். வாங்குகிறவருக்கு லாபம். இன்னொருவர் வீட்டைச் சாவியோடு வாங்குகிற மாதிரி ஒரு சங்கடமும் இருக்கும்.

அங்கேயும் விலை போகாத படகுகள்? கண்ணாடியிழை மக்காது. உருக்கி வார்க்க முடியாது. எரித்தால் நச்சு. ஒரு டாலருக்கு விளம்பரம் செய்யும் படகுகள் உண்டு. அந்த ஒரு டாலர், படகை உடைத்து அகற்றும் செலவை வாங்குகிறவர் தலையில் கட்டுகிற விலை. ஃபுளோரிடாவில் பெயரைச் சுரண்டிவிட்டு உப்பங்கழியில் விட்டுப்போகிறவர்களைத் தேடி அதிகாரிகள் அலைகிறார்கள். பிரான்ஸ் மட்டும் கொஞ்சம் சுதாரித்தது: 2019 முதல், புதுப் படகு விற்பவர்கள் கட்டும் பணத்தில் பழைய படகுகளை உடைக்க ஒரு ஏற்பாடு நடக்கிறது. உடைக்கிற இடம் வரை படகைக் கொண்டுவந்து சேர்ப்பது உடைமைக்காரர் பாடு.

பதினாறு வயதில் தனியாக உலகைச் சுற்றி முடித்த லாரா டெக்கரின் ‘கப்பி’யும் பழைய ஷானோ படகுதான். அப்பாவும் பெண்ணுமாகப் புதுப்பித்தார்கள். 2012-இல் பயணம் முடிந்தது. பின்னர் இளைஞர்களுக்குக் கடலோட்டம் கற்பிக்கட்டும் என்று லாரா அதைத் தானமாகக் கொடுத்தார். 2018-இல் பசிபிக்கின் மனிஹிகி பவளத்திட்டில் மோதிச் சிதறியது.

டாபியோ லேடினெனுக்கு வருவோம். ஆஸ்டீரியா மூழ்கிப் பத்து மாதம்கூட நிறையவில்லை. 2023 செப்டம்பரில் சவுத்தாம்ப்டனிலிருந்து ஓஷன் குளோப் பந்தயம் கிளம்பியபோது, ஃபின்லாந்து இளைஞர் பட்டாளத்தோடு ‘கலியானா’ என்ற படகில் நின்றுகொண்டிருந்தார். வழி அதே தென் பெருங்கடல். படகு ஸ்வான் 55. வயது அரை நூற்றாண்டுக்கு மேல்.